தோளினின்று இறங்கிய தப்பட்டை
(கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் ஒருவர் ஒலிபெருக்கியின் முன் வந்து நின்றால் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார் என்ற அச்சம் முன்வரிசை மாணவர்களின் முகத்தில் தெரிகிறது. அஞ்ச வேண்டா. அக்கணக்கைச் செயலாளர் தம் ஆண்டறிக்கையில் படித்து முடித்துவிட்டார். நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு ‘இளைஞரும் இசையும்’ என்பது. தலைப்பு சாதுவாக இருக்கிறது; அது பிறந்த இடம் அவ்வளவு சாதுவானதன்று. சென்ற மாதம் நிருவாகக் குழுவில் இரவு பதினொரு மணி வரை நடந்த வாக்குவாதத்தில் பிறந்த தலைப்பு அது.

வெளியூரிலிருந்து வந்துள்ளோர்க்காகச் செய்தியைச் சுருங்கக் கூறுவோம். நம் கழகத்தின் மாலை வகுப்பில் படித்து வளர்ந்த ஐந்து இளைஞர்கள் ஓர் இசைக்குழு அமைத்திருக்கின்றனர். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். ஒருவர் ஓவர்லாக் டெய்லர். ஒருவர் டிப்ளமோ முடித்துவிட்டுக் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவர். மற்ற இருவர் கல்லூரி மாணவர்கள். சொந்தமாக ஒரு கித்தார், தவணையில் வாங்கிய ஒரு கீபோர்டு, வாடகைக்கு எடுக்கும் டிரம்ஸ் ஆகியவையே அவர்களின் உடைமை. இவர்கள் புதுப்படப் பாட்டுகளைப் பாடுவதில்லை. தம் தந்தையர் காலத்து ஒலிநாடாக்களில் இருந்த பாட்டுகளையும், பாட்டிமார் பருத்தி எடுக்கும்போது பாடிய பாட்டுகளையும் தேடிப்பிடித்து, ராக் இசை என்று கூறப்படும் மேனாட்டு முறையில் அமைத்துப் பாடுகின்றனர். வெள்ளிவிழா மேடையில் பாட இசைவு கேட்டார்கள். குழு மகிழ்ந்து ஒப்பியது. பிறகு, கித்தாருக்கு நடுவே தப்பட்டையும் முழங்கும் என்றார்கள். அங்கேதான் குழு இரண்டுபட்டது.

ஏன் இரண்டுபட்டது என்பது இளைய தலைமுறைக்கு விளங்காமல் இருக்கலாம். இக்கழகத்தின் நடவடிக்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நம் வீட்டு ஆண்கள் இனி எவருடைய ஏவலுக்கும் சாவு வீட்டில் தப்பட்டை அடிப்பதில்லை என்பதே முதல் தீர்மானம். நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது பற்றிய தீர்மானமும் மாலை வகுப்பு பற்றிய தீர்மானமும் அதற்குப் பின்னரே எழுதப்பட்டுள்ளன. தப்பட்டையை இறக்கிவைத்த கைகளே இக்கழகத்தின் முதற்செங்கல்லை எடுத்துவைத்தன.

அத்தீர்மானத்தில் கையொப்பமிட்ட மூத்தவர் ஒருவர் அன்றிரவு எழுந்து கேட்டதை அவர் மொழியிலேயே கூறுவோம்: “ஏனுங் சார், எங்கப்பன் அந்தத் தப்பட்டையத் தோள்ல போட்டுக்கிட்டுச் சாவு ஊட்டு வாசல்ல ராப்பூரா நின்னானுங். காசை மண்ணுல வீசுவாங்க, குனிஞ்சு பொறுக்குவானுங். அதைய எறக்கி வெக்கறதுக்குத்தான என்னையப் பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனானுங். இப்ப எம் பேரன் அதைய மறுக்காத் தோள்ல போட்டுக்கறேங்கறானுங். இதுக்குப் பேரு படிப்புங்களா?”

கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு இசையின் சிறப்பைப் பற்றி அலங்காரமாகப் பேசுவது அப்பெரியவருக்குச் செய்யும் அவமதிப்பு ஆகும். ஆதலின் அவர் பக்கத்து நியாயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

கொங்குநாட்டில் தப்பட்டைக்கு மூன்று நான்கு வகை அடிகள் உண்டு. கோயில் அடி வேறு, திருமண அடி வேறு, சாவு அடி வேறு. தொலைவில் காட்டில் வேலை செய்பவன் ஓசையைக் கேட்டே ஊரில் நடப்பது இன்னதென்று அறிவான். அவ்வளவு நுட்பமான கலை. ஆனால் அதனை அடித்தவனுக்கு அது கலையாக இருக்கவிடப்படவில்லை. அது அவனுடைய சாதியின் கடமையாக ஆக்கப்பட்டது. அழைத்தால் வந்தாக வேண்டும்; உடல்நலம் இல்லை என்று கூற இயலாது; கூலி இவ்வளவு என்று பேச இயலாது. களத்தில் அள்ளிப்போடும் தானியமும் சாவன்று வீசும் சில்லறையுமே ஊதியம். வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது. மறுத்தவர்களின் வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் முதியோரிடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் பல இடங்களில் நம் தலைவர்கள் பறையைக் கைவிடுமாறு கூறியதன் காரணம் இதுவே. தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள் அவர்கள் சிற்றூர் சிற்றூராகச் சென்று, கட்டாயமாகப் பறையடிக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு மக்களைத் திரட்டினார். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் நடுவணரசு அமைத்த குழுவின் தலைவரும் அவரே; 1969இல் வெளிவந்த அவ்வறிக்கை நாடாளுமன்றத்தையே உலுக்கியது. மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகாடு மாநாட்டில் செத்த விலங்கின் இறைச்சியை உண்பதை விடுமாறு தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். மறு ஆண்டே மகர் வதன் என்னும் பரம்பரை ஊழியத்தை மாற்றச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். பரம்பரைத் தொழில் என்ற பெயரில் கழுத்தில் மாட்டப்பட்ட கயிற்றை அறுப்பதே முதல் வேலை என்பதில் அத்தலைவர்களிடையே இருவேறு கருத்து இருந்ததில்லை.

அண்மைக் காலம் வரை அக்கயிறு முழுவதும் அறவில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஊராட்சி அறிவிப்புகளுக்குத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு, அப்போது தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு அவர்கள் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில்தான். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்க இயலும் காலத்தில் ஒரு மனிதனின் தோளில் எதற்குத் தமுக்கு என்பது அதன் கருத்து. நாடு விடுதலை பெற்று 75 ஆண்டுகள் நிறைந்த மாதம் அது.

பறையைப் போற்றுவோர் மேடைதோறும் கூறும் செய்தி ஒன்றுண்டு. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையை வைத்தார் என்பர். புறநானூற்றில் மாங்குடி கிழார் எண்ணும் நான்கு குடிகளில் பறையன் என்பதும் ஒன்று என்பர். இரண்டும் உண்மை. தமிழாசிரியர் என்ற முறையில் நாமும் வகுப்பில் கூறியிருக்கிறோம். ஆயினும் சங்க இலக்கியத்தில் இடம் இருந்தது என்பதனால், மண்ணில் வீசப்பட்ட காசு மாண்புடைய காசு ஆகிவிடாது. பெரியவருடைய கேள்விக்கு அது விடையன்று.

இனி இளைஞர்கள் பக்கம் வருவோம். அவர்களுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். கைப்பேசியை நீட்டி ஒரு காணொளியைக் காட்டினார்கள். தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் சென்னை இசைக்குழுவின் நிகழ்ச்சி அது. அக்குழுவைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். ஏனெனில் நம் இளைஞர்கள் எதனை முன்மாதிரியாகக் கொண்டனர் என்பதை அறியாமல் அவர்களை எடைபோட இயலாது.

திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித் அவர்களின் நீலம் பண்பாட்டு மையமும், டென்மா என்னும் இசையமைப்பாளரும் சேர்ந்து 2017ஆம் ஆண்டின் இறுதியில் இக்குழுவை உருவாக்கினர். வடசென்னையின் கானாப் பாடகர்கள், பறை அடிப்போர், சட்டி அடிப்போர், ராப் பாடுவோர், கித்தார் வாசிப்போர் என 19 பேர். பெண் ஒருவர், இசைவாணி. 2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. கட்டணம் இல்லை. கோட்டும் சூட்டும் அணிந்து மேடையேறினர். அவ்வுடை யாருடைய நினைவைத் தருவது என்று நம் அவைக்குக் கூற வேண்டியதில்லை. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, மலக்குழியில் இறப்போர், சாதி கடந்த காதலுக்காகக் கொல்லப்படுவோர் ஆகியவையே அவர்களின் பாடுபொருள். நாம் கல்வி அலுவலருக்கு எழுதும் விண்ணப்பத்தில் கூட இவற்றை இவ்வளவு நேரிடையாக எழுதுவதில்லை.

குழுவின் பெயரைப் பாருங்கள். ஆங்கிலப் பெயர்தான், ஆனால் அதன் வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. 1845 முதல் 1914 வரை வாழ்ந்து, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் இதழைத் தொடங்கிய அப்பெரியார், நம் மக்களைச் சாதியற்றவர்கள் என்ற பொருளில் குறிக்கும் சொற்களை ஆண்டார். பிறர் சூட்டிய இழிபெயரை மறுப்பதற்கு அவர் கண்ட வழி அது. நூறாண்டு கழித்து இளைஞர்கள் அச்சொல்லை எடுத்து ஒரு ராக் இசைக்குழுவுக்குப் பெயராக வைத்தனர். பழைய இதழின் பக்கங்களைப் பல்கலைக்கழகத்தார் தூசி தட்டி ஆய்வு செய்கிறார்கள். இவர்கள் அதனை மேடையில் ஏற்றினார்கள்.

இவ்விடத்தில் ‘பழைமை நாட்டம்’ என்பதைப் பற்றிச் சிறிது சிந்திக்க வேண்டும். இக்காலத்தில் எங்கு நோக்கினும் பழையதன் மேல் ஓர் ஏக்கம். திருப்பூரில் தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேல் ஒலிபெருக்கியில் 1980களின் பாட்டுகள் ஓடுகின்றன. கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழுவினர் பழைய பாட்டைத் தொடங்கினால்தான் கூட்டம் கைதட்டுகிறது. பெல்பாட்டம் கூட மீண்டும் வந்துவிட்டது. அதனை முதல்முறை அணிந்தவர்கள் இன்று முட்டிவலித் தைலம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்! மேனாடுகளிலும் இதே கதை. முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்திய ஓசையை அப்படியே மீட்டுத் தரும் இசைக்குழுக்களுக்கு அங்கே தனி வரவேற்பு இருக்கிறது.

ஏக்கம் என்பது எல்லார்க்கும் ஒன்றுபோல் அமைவதன்று. ‘அந்தக் காலத்துக் கிராமம்’ என்று ஒருவர் பெருமூச்சு விடும்போது, அக்கிராமத்தில் அவர் எந்தத் தெருவில் இருந்தார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. திண்ணையில் அமர்ந்து தப்பட்டை ஓசையைக் கேட்டவனுக்கு அது இனிய நினைவு. அடித்தவன் மகனுக்கு அது அப்பன் குனிந்த நினைவு. 1948 நவம்பரில் அரசியல் நிருணய சபையில் நம் நாட்டுக் கிராமத்தைப் பற்றி அண்ணல் கடுமையாகப் பேசியதன் பொருள், கிராமத்தின் மேல் ஏக்கம் கொள்ள நமக்கு என்ன இருக்கிறது என்பதேயாகும். ஆகவே நம் இளைஞர்கள் பழைய இசையைத் தேடிச் செல்லும்போது அவர்கள் திரும்பிப் பார்ப்பது எதனை என்று கேட்கும் உரிமை பெரியவர்களுக்கு இருக்கிறது.

இக்கேள்வியை நமக்கு முன்னே எதிர்கொண்டவர்கள் உலகில் உண்டு. ராக் இசை, ராக் இசை என்கிறோமே, அதன் தாய் யார்? அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில், பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின மக்கள் பாடிய ‘புளூஸ்’ என்னும் துயரப் பாட்டே அதன் தாய். பருத்தியால் வாழும் நம் வட்டாரத்தார் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே ஸ்டோவல் என்னும் பண்ணையில் கூலியாக இருந்த மடி வாட்டர்ஸ் என்பவரின் பாட்டை 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக வந்து பதிவு செய்தார். தம் குரலைத் தாமே தட்டில் கேட்ட அப்பண்ணைக் கூலி, 1943இல் பண்ணையை விட்டுச் சிகாகோ நகருக்குச் சென்றார். நம்மவர்கள் காட்டு வேலையை விட்டுத் திருப்பூருக்குப் பேருந்து ஏறுவது போன்றதே அது. நகரின் இரைச்சலில் மரக் கித்தாரின் ஓசை எடுபடவில்லை. மின்சாரக் கித்தாரைக் கையில் எடுத்தார். இன்று உலகம் அறிந்த ராக் இசையின் ஓசை அத்தகையோர் கையிலிருந்து பிறந்தது. 1950இல் அவர் பாடிப் பதிவு செய்த ‘ரோலிங் ஸ்டோன்’ என்னும் பாட்டின் பெயரை 1962இல் இலண்டன் இளைஞர்கள் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டு உலகப் புகழ் பெற்றனர்.

அதே 1960களில் கறுப்பின இளைஞர்களில் பெரும்பகுதியினர் புளூஸ் இசையை விட்டு விலகி நின்றனர். அது தம் பாட்டன்மார் பண்ணையில் பட்ட பாட்டை நினைவூட்டியது. அவர்களுக்கு உரிமைப் போராட்டத்தின் புதிய இசை வேண்டியிருந்தது. பண்ணையைக் கண்ணாலும் காணாத இங்கிலாந்து வெள்ளை இளைஞர்களோ அதனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டனர். இதில் எவரைக் குறை கூறுவது? விலகியவர்கள் மானமுள்ளவர்கள். ஆயினும் அவர்கள் விலகிய வீட்டில் பிறர் குடிபுகுந்தனர் என்பதும் நடந்தது. பிக் மாமா தார்ன்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி 1952இல் பாடிப் பதிவு செய்த ‘ஹவுண்ட் டாக்’ என்ற பாட்டு, 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோதுதான் உலகெங்கும் பரவியது. இன்றும் அப்பாட்டைக் கேட்டால் பலர் நினைவுக்கு வருவது பிரெஸ்லிதான்.

தொலைநாட்டுக் கதை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. நம் கண்முன்னே ஒன்று நடந்தது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடிய அறிவு என்னும் இளைஞர் 2021 மார்ச்சில் ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாட்டை எழுதித் தீ என்ற பாடகியோடு சேர்ந்து பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமின்றித் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வு அப்பாட்டுக்கு ஊற்றாக இருந்தது. கோடிக்கணக்கானோர் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இதழின் இந்தியப் பதிப்பு அப்பாட்டைக் குறித்து அட்டைப்படம் வெளியிட்டபோது அதில் அறிவின் முகம் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்ட பலர் வெளிப்படையாகக் கண்டித்த பிறகு அறிவின் படத்தோடு இன்னோர் அட்டை வந்தது. அவ்விதழின் பெயரும் மடி வாட்டர்ஸ் பாடிய அதே பாட்டோடு தொடர்புடையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது நம் மனத்தில் ஓர் அச்சம் எழுகிறது. தப்பட்டையை நாம் இறக்கிவைத்தோம், நல்லது. இறக்கிவைத்த இடத்தில் அது கிடக்கவில்லை. இன்று பறைப் பயிற்சி வகுப்புகள் சென்னை, கோவை போன்ற நகரங்களில் நடைபெறுகின்றன. கடல் கடந்து வாழும் தமிழர்கள் தம் விழாக்களில் பறை முழக்குகின்றனர். கல்லூரி விழாக்களில் முழங்குகிறது. மகிழத்தக்கதே. மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக்கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் இன்னும் இருபது ஆண்டுகளில், எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் பறையை அறிந்திருக்க, அதனை ஆயிரம் ஆண்டு காத்தவர் வீட்டுப் பிள்ளை மட்டும் அதனைத் தொட வெட்கப்பட்டு நிற்கும் நிலை வருமானால் அது நமக்கு ஏற்புடையதா?

தொழிலை விட்டவர்கள் இசையையும் விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு மராட்டியத்திலேயே சான்று உண்டு. செத்த மாட்டைச் சுமக்க மறுத்த மகர் மக்கள், தம் பழைய ஆட்டபாட்ட வடிவத்தை விடாமல் ‘அம்பேத்கரிய ஜல்சா’ என்னும் பாட்டுக் குழுக்களை அமைத்தனர். பீம்ராவ் கர்டக் போன்றோர் ஊர் ஊராகச் சென்று அண்ணலின் கருத்துகளைப் பாட்டில் பரப்பினர். நம் அண்டை மாவட்டமாகிய திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா அவர்கள் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், நம் குடும்பங்களைச் சேர்ந்த இளம்பெண்கள் பறையைத் தோளில் ஏந்தி ஆடுகின்றனர். பெண்கள் தொடக்கூடாது என்றும் சாவுக்கே உரியது என்றும் இருந்த இரண்டு விலக்குகளை அவர்கள் ஒரே அடியில் உடைத்தனர்.

நம் தலைமுறைக்கும் ஒரு நினைவு உண்டு. நாம் மாணவராக இருந்த நாள்களில் கே. ஏ. குணசேகரன் அவர்களின் குரல் ஒலிநாடாவில் வந்தது. கீழ்வெண்மணிக் கொடுமைக்குப் பின் கவிஞர் இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாட்டை அவர் பாடியதைக் கேட்டு உடல் சிலிர்த்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். விடுதியில் நாற்பது பேருக்கு ஒரே டேப்ரெக்கார்டர். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றுவோம். கேட்டுக் கேட்டு நாடா இழுபட்டு, அவருடைய உயர்ந்த குரல் தேய்ந்து கனத்துவிட்டது. நாங்கள் அதுதான் அவர் இயல்பான குரல் என்று நம்பினோம். 1955இல் பிறந்து 2016 ஜனவரியில் மறைந்த அப்பெருமகனார் வெறும் பாடகர் அல்லர், நாடகப் பேராசிரியர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றியவர், ‘வடு’ என்னும் தன்வரலாற்றை எழுதியவர். படிப்பும் பாட்டும் ஒரே மனிதரிடம் ஒன்றையொன்று கெடுக்காமல் இருந்தன. நம் இளைஞர்கள் கித்தாரில் மீட்டுப் பாடும் பழைய பாட்டுகளில் அவர் பாட்டுகளும் உள்ளன. அவர்களின் பழைமை நாட்டம் திண்ணையை நோக்கியதன்று என்று நாம் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணத்தை அவர்களின் ஒத்திகையில் கண்டோம். ஞாயிற்றுக்கிழமை மாலை, பனியன் கம்பெனிக்கு விடுமுறை நாளில், பள்ளிக்குப் பின்னுள்ள வேப்பமர நிழலில் ஒத்திகை நடந்தது. கித்தார்க்காரர் கைப்பேசியைப் பார்த்துக் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தார். தப்பட்டைக்கு அவ்வசதி இல்லை. மூன்று மரத்துண்டுகளைச் சேர்த்து வளைத்த சட்டத்தின் மேல் இழுத்து ஒட்டிய தோல் அது; ஈரம் பட்டால் தளரும்; தீயில் காய்ச்சினால்தான் விறைத்து ஓசை எழும்பும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினார்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் தோல் ஆறிச் சுருதி இறங்கிவிட்டது. கித்தார் ஒரு பக்கம், தப்பட்டை ஒரு பக்கம். பிறகு இரண்டு தப்பட்டைகளை வைத்துக்கொண்டு, ஒன்று அடிபடும்போது மற்றொன்று தீயருகே இருக்குமாறு முறை வகுத்தனர். அடுத்த தொல்லை: கட்டைக் குச்சியும் நீண்ட மெல்லிய குச்சியும் சேர்ந்து விழும்போது மற்றக் கருவிகள் எல்லாம் ஊமையாயின. அரை மைல் தொலைவுக்குக் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்ட கருவியை நான்கு சுவருக்குள் அடக்குவது எளிதன்று. எங்கே அடிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அவ்வைவரும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதியதைக் கண்டோம். கணக்கு வகுப்பில் அவர்களில் இருவர் இவ்வளவு கவனத்தோடு நோட்டுப் புத்தகத்தைத் தொட்டதில்லை என்பதை இங்கே கூறினால் கோபிக்க மாட்டார்கள்.

அவர்கள் அடிப்பது சாவு அடியா என்று கேட்டோம். “அந்த அடியும் வருதுங் சார், நாங்க செத்தவங்களுக்காக, நாங்களா அடிக்கறோமுங்” என்றார் ஓவர்லாக் டெய்லர். இதற்குமேல் நாம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே நிருவாகக் குழுவின் முன் நாம் வைத்த கருத்து இது. 25 ஆண்டுகளுக்கு முன் எழுதிய முதல் தீர்மானத்தில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. ஏவலுக்குத் தப்பட்டை இல்லை என்பது அப்படியே நிற்க வேண்டும். அதன் கீழே, தாமே விரும்பிக் கற்று மேடையில் இசைப்பதற்கு அத்தீர்மானம் தடையன்று என்று ஒரு விளக்கம் சேர்க்கலாம். வெளியூரார் நிகழ்ச்சிக்கு அழைத்தால் எழுத்தில் அழைக்க வேண்டும்; ஊதியம் முன்னரே பேசப்பட வேண்டும்; அது கையில் தரப்பட வேண்டும். மேடையில் நாற்காலியும் குடிநீரும் மற்றக் கலைஞர்க்கு எவ்வாறோ அவ்வாறே தப்பட்டைக் கலைஞர்க்கும் வேண்டும். பாட்டை எழுதியவர் பெயரும் அடியைக் கற்றுத்தந்தவர் பெயரும் அறிவிப்பில் இடம்பெற வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்போர் தேர்வுக்கு முந்திய மூன்று மாதங்கள் குச்சியைத் தொடக் கூடாது; இது தலைமையாசிரியரின் சர்வாதிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவில் எழுவர் ஒப்பினர்; நால்வர் ஒப்பவில்லை. நாம் முன்பு கூறிய பெரியவர் அந்நால்வரில் ஒருவர். அவர் மனம் மாறிவிட்டது என்று கூறி அவையைக் கைதட்டச் செய்ய நமக்கு விருப்பமில்லை, அவர் மாறவில்லை. இன்று மாலை நிகழ்ச்சிக்கு அவர் வரமாட்டார். “நீங்க நடத்துங்க சார், நான் தடுக்கலீங், எனக்கு அந்தச் சத்தம் காதுல விழுந்தா எங்கப்பன் முதுகுதான் தெரியுதுங்” என்றார். அச்சொல்லை இசைக்குழுவினரிடம் கூறினோம். மேடையின் ஒலிபெருக்கிகள் அவர் வீடிருக்கும் தெருப் பக்கம் நோக்கியிருந்தன. அவற்றைச் சாலைப் பக்கம் திருப்பிக் கட்டுமாறு அவ்விளைஞர்களே ஒலிபெருக்கிக்காரரிடம் கூறியிருக்கிறார்கள்.

நிகழ்ச்சி மாலை ஆறரை மணிக்குத் தொடங்கும். ஆறு மணிக்கு மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தப்பட்டை காய்ச்சுவார்கள். சிறுபிள்ளைகளை அப்பக்கம் விடாமல் தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். அடிக்கும் முறையைக் கற்க விரும்பும் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தம் பெயரைப் பெற்றோர் கையொப்பத்தோடு கழக அலுவலகத்தில் தரலாம். பயிற்சி ஞாயிறுதோறும் மாலை வகுப்பு முடிந்த பிறகு நடைபெறும்.